நாலாவது ட்ராக்

உக்காருங்க சார், உக்காருங்க. இந்த சீட்டுக்கு ஆள் வராது. ஆள் இருக்கான், வரமாட்டான். அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது வரிசையில நீலக்கட்டம் போட்ட சட்டை, ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான். சிவசு. என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தம்பி. தூத்துக்குடியில ஏறினதும் என் பையை மட்டும் இங்க வச்சான், அவன் பையைத் தூக்கிக்கிட்டு அங்க போயிட்டான். ஒரு வார்த்தை கிடையாது. நாப்பத்தி மூணு வயசு ஆளு, கோவிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காருது.

என்ன கோவம்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். மதுரை வர்ற வரைக்கும் நீங்கதான் என்ன பண்ணப் போறீங்க?

நான் சினிமாவுல சவுண்டு. பேரு கோமதிநாயகம். கேட்டிருக்க மாட்டீங்க. கேமராமேன் பேரைக் கேட்டா சொல்லுவீங்க, டான்ஸ் மாஸ்டர் பேரைக் கேட்டா சொல்லுவீங்க. எங்க பேரு திரையில வர்ற நேரத்துல நீங்க இருட்டுல சீட்டு நம்பர் தடவிக்கிட்டு இருப்பீங்க. இருபத்திரெண்டு வருஷம் சார். நடிக்கிற இடத்துலயே குரலைப் பிடிக்கிற வேலை. நம்ம ஆளுங்களுக்கு அது பிடிக்காது. ஷூட்டிங்ல பாதிப் பேரு போன் பேசுவான், மீதிப் பேரு டீ கிளாஸை உருட்டுவான், கேட்டா 'டப்பிங்ல பாத்துக்கலாம் சார்'. வாயசைக்கிறது ஒரு நாள், குரல் கொடுக்கிறது ஆறு மாசம் கழிச்சு ஏசி ரூம்ல. அதைத்தான் நீங்களும் நடிப்புன்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க.

இந்தப் பையில இருக்கே, இதுதான் மெஷின். டிபன் டப்பா தண்டிதான் இருக்கும். எட்டு பேரு பேசினா எட்டு பேரையும் தனித்தனியா எழுதிக்கும், கோடு போட்ட நோட்டு மாதிரி. ஒரு கோட்டுக்கு ஒரு ட்ராக். பின்னாடி ஒருத்தன் குரலை ஏத்தலாம், இன்னொருத்தன் இருமலை எடுத்துறலாம். ஆனா அதைத் தயார் பண்றது இருக்கே, அதுலதான் ஆளோட லட்சணம் தெரியும். பாட்டரி மாட்டணும். கார்டை அழிச்சு சுத்தம் பண்ணணும். கேமராவோட கடிகாரமும் இதோட கடிகாரமும் ஒரே நொடியைக் காட்டணும், இல்லேன்னா உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போயிரும். அப்புறம் ஒவ்வொருத்தரையா மைக்ல பேசச் சொல்லி அளவு வைக்கணும். கத்துறவனுக்குக் குறைச்சு, முனகுறவனுக்குக் கூட்டி. எல்லாம் முடிஞ்சு கடைசியா ட்ராக்குக்கு ஒரு பொத்தான். ஒரு தடவை அமுக்கினா பக்கத்துல குட்டியா ஒரு சிவப்பு விளக்கு எரியும், அந்த ட்ராக் பதிவாகும். இன்னொரு தடவை அமுக்கினா விளக்கு அணைஞ்சிரும், பதிவாகாது. அவ்வளவுதான்.

ஒண்ணே ஒண்ணு இருக்கு. விளக்கு எரிஞ்சாலும் சரி, எரியாட்டாலும் சரி, மைக்ல வர்றது ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே இருக்கும். காதுல கேட்டுருச்சே, ஏறிருச்சுன்னு நினைப்பான். கத்துக்குட்டிப் பய எல்லாம் இதுலதான் மாட்டுவான்.

சிவசு பதினாலு வருஷமா என்கூட இருக்கான். நீளக் கம்பு நுனியில மைக் கட்டி, நடிக்கிறவங்க தலைக்கு மேல நீட்டிக்கிட்டு நிப்பாங்கள்ல, அந்த வேலை. பூம் பிடிக்கிறதுன்னு சொல்லுவோம். கை நடுங்காது, அதைக் குறை சொல்ல மாட்டேன். வேற எதுக்கும் லாயக்கில்லை. நான்தான் கூட்டிட்டு வந்தேன், நான்தான் சோறு போடுறேன். என் முகத்துக்கு நேரா ஒரு பேச்சு பேசமாட்டான். பேசக்கூடாதுல்ல? அக்கா புருஷன்.

இப்ப வேப்பலோடைப் பக்கம் உப்பளத்துல ஒரு படம். டைரக்டர் ஒரு பொண்ணு, நிறைமதின்னு பேரு. முப்பது வயசு இருக்கும். நல்லா படிச்ச பிள்ளை, எல்லாத்தையும் மெதுவாத்தான் பேசும். ஆனா எதையும் முடிவு பண்ணாது. 'நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?' நான் நினைக்கிறதுக்கு நீ எதுக்கும்மா டைரக்டர்? வாயில வந்துருச்சு, சொல்லலை.

முதல் நாள் பூஜை. தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் ஜோராத்தான் இருந்துச்சு. கேமராவுக்குச் சந்தனம் வச்சுக் குங்குமம் வச்சாங்க, பூச்சரம் போட்டாங்க. லைட்டுக்கு வச்சாங்க. ஜெனரேட்டர் வண்டிக்கு வச்சாங்க சார், டீசல் புகை விடுற வண்டிக்கு. என் மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல இருக்கு, ஒருத்தன் திரும்பிப் பாக்கலை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சந்தனத் தட்டு வச்சிருந்த பய கையில இருந்து அதை வாங்கினேன், நானே வச்சேன். நல்லா கொழகொழன்னு சந்தனம், அது மேல குங்குமம். முன்பக்கம் பூரா பொத்தானும் விளக்கும், வைக்க இடமே கிடையாது. நாலாவது ட்ராக் அப்ப உபயோகத்துல இல்லை, சரின்னு அந்த விளக்கு மேலயே வச்சேன்.

சிவசு மெல்ல வந்து, "அத்தான், விளக்கு மேல இருக்கே, துடைச்சிரட்டுமா?"ங்கிறான். "சாமிக்கு வச்சதைத் துடைக்கிற கை எதுக்கு ஆகும்ல?"ன்னேன். போயிட்டான். அந்த வெயில்ல அது காஞ்சு காரை பூசின மாதிரி நின்னுச்சு. யாரும் தொடலை. மரியாதைன்னா அப்படி இருக்கணும்.

ஆறாவது நாள்தான் விஷயம். கம்பெனி மேனேஜர்கிட்ட ஒரு உப்பளத்துப் பொம்பளை வந்து, அவசரத்துக்கு ஒரு வண்டி நிப்பாட்டி வையுங்கன்னு கேக்கணும். மூணே வரி வசனம். மேனேஜரா நடிக்கிறவரு சென்னை நடிகர். பொம்பளைக்கு நடிகை போடலை. டைரக்டருக்கு நிஜ ஆளு வேணுமாம். அங்கேயே வேலை பாக்குற மாரிக்கனின்னு ஒரு அம்மாவைப் பிடிச்சிட்டாங்க. அம்பது வயசு இருக்கும், காலெல்லாம் உப்பு அரிச்ச வெடிப்பு. குட்டி மைக்கைச் சேலை மடிப்புல வச்சு, அதோட பெட்டியை இடுப்புல சொருகி விட்டேன். "இது என்ன அண்ணாச்சி, கரண்டு அடிக்குமா?"ன்னு கேட்டுச்சு. அடிக்காதும்மா, பேசு போதும்னேன்.

அந்த மைக்குக்கு நாலாவது ட்ராக்கைக் கொடுத்தேன். பொத்தானை அமுக்கினேன். சந்தனம் மூடியிருக்கு, எரியுதான்னு தெரியலை. ஸ்கிரீன்ல பாக்கலாமே, உப்பளத்து வெயில்ல எங்க பாக்கறது? நாலா பக்கமும் வெள்ளை, கண்ணே கூசுது. சரியா விழுந்துச்சோ இல்லையோன்னு இன்னொரு தடவை அமுக்கினேன். நான் அப்படித்தான் சார். எதையும் ரெண்டு தடவை செஞ்சாத்தான் எனக்குத் திருப்தி.

சிவசு பக்கத்துல நின்னான். "அத்தான், எல்லாத்தையும் சேத்து ஒரே ட்ராக்குல பதிவாகுறது ஒண்ணு இருக்குமே, எதுக்கும் அதையும் போட்டு வைப்போமா?" எதுக்கும்! எனக்கு யோசனை சொல்றான். அது தன் மேல நம்பிக்கை இல்லாதவன் போடுறதுடா, நீ போய் கம்பைப் பிடின்னேன். நடிகர் தலைக்கு மேல பிடி, அந்த அம்மாவுக்குத்தான் மைக் குத்தியிருக்கே. கேமரா நூறடி தள்ளி நிக்குது, அது காதுல காத்தைத் தவிர ஒண்ணும் விழாது.

ஆக்ஷன் சொன்னாங்க. அந்த அம்மா முதல் வரியைச் சொல்லுச்சு. ரெண்டாவது வரி வரலை. நின்னுச்சு. சரி, மறந்துட்டா, கட் சொல்லப் போறாங்கன்னு நான் தலையில அடிச்சிக்கிட்டேன். அப்பதான் மெதுவா பேச ஆரம்பிச்சுது. வசனம் இல்லை சார். அதோட சொந்தக் கதை.

"எம் மகளுக்குப் பதினோரு வயசு. காய்ச்ச. வண்டி கேட்டேன், இல்லன்னுட்டாக. உப்பு லாரியிலதான் ஏத்துனேன், மூட்டைக்கு மேல. அம்மா கண்ணு கூசுதுன்னா. முந்தானைய மொகத்துல போட்டேன். செத்த நேரம் வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தா, பெறகு பேச்சக் காணும், சரி ஒறங்குதான்னு நெனச்சேன். ஆசுபத்திரி வாசல்லதான் முந்தானைய எடுத்தேன்."

அவ்வளவுதான். அழலை. குரல்ல ஒண்ணு இருந்துச்சு, எனக்குச் சொல்லத் தெரியலை. என் தொழிலே குரல், எனக்கே சொல்லத் தெரியலை. நூறு பேரு நிக்கிற இடத்துல ஒருத்தன் அசையலை. அவங்களுக்கெல்லாம் காத்துல பாதிதான் கேட்டிருக்கும். மூச்சு முதக்கொண்டு நெஞ்சுக்குப் பக்கத்துல இருந்து கேட்டது நான் ஒருத்தன்தான், இந்த ஹெட்போன்ல. கண்ணு கலங்கிருச்சு சார், அதைச் சொல்ல என்ன வெக்கம்? இருபத்திரெண்டு வருஷத்துல அப்படி ஒண்ணு என் காதுக்கு வந்தது இல்லை.

டைரக்டர் கட் சொல்லுச்சு. ஓடிப்போய் அந்த அம்மாவைக் கட்டிக்கிச்சு. இது போதும், இன்னொரு டேக் கிடையாதுன்னு சொல்லிருச்சு.

சாப்பாட்டு நேரத்துல, சும்மா ஒரு தடவை கேக்கலாம்னு போட்டேன். சிவசு கம்புல இருந்து வந்த முதல் ட்ராக்குல மேனேஜர் நடிகர் மூக்கை உறிஞ்சுறது தெளிவா கேக்குது. அந்த அம்மா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, அதுவும் காத்தோட காத்தா. சரி, நாலாவதைத் திறப்போம்னு பாத்தா, நாலாவது ட்ராக்னு ஒண்ணே இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன். பயந்துட்டேன் சார், உண்மையைச் சொல்றேன்.

சிவசு எட்டிப் பாத்தான். விரல் நகத்தால அந்தச் சந்தனத்தைச் சுரண்டினான். அடியில விளக்கு அணைஞ்சு கிடந்துச்சு. என் முகத்தைப் பாத்தான். "ரெண்டு தடவை அமுக்கினீங்க அத்தான்"னான். "மூடு வாயை"ன்னேன்.

டைரக்டர் வந்து நிக்குது. என்ன சார் ஆச்சுன்னு கேக்குது. கேமராமேன் கையைக் கட்டிக்கிட்டு பாக்கான், அவனுக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. மெஷினைத் தயார் பண்ணத் தெரியாத சவுண்டு இன்ஜினியர்னு சென்னை பூரா சொல்லிருவான். நீங்க என் இடத்துல இருந்தா என்ன சொல்லுவீங்க? மைக் பெட்டி அந்த அம்மா இடுப்புல இருந்துச்சு. பெட்டியில ஒரு சுவிட்ச் இருக்கு. சேலையைச் சரி பண்ணும்போது கை பட்டிருக்கலாம். படலாமா, படக்கூடாதா? பட்டிருக்கலாம்னுதான் சொன்னேன். பட்டுச்சுன்னு நான் சொல்லலை. இதுல பொய் எங்க இருக்கு?

டைரக்டர் ஒரு மாதிரி உக்காந்திருச்சு. "அவங்களை மறுபடியும் சொல்லச் சொல்ல என்னால முடியாது சார்"னுச்சு. நல்ல முடிவு. முதல் தடவையா ஒரு முடிவு எடுத்துச்சு. முதல் ட்ராக்குல காத்தோட விழுந்த குரலை வச்சு ஏதாவது பண்ணிக்கலாம்னு எழுந்திருச்சு. அதோட முடிஞ்சிருக்கும்.

மறுநாள் காலையில அந்த அம்மாவே வந்து நிக்குது. யாரோ போய்ச் சொல்லியிருக்கானுங்க. யூனிட்ல ஒரு வாய் சும்மா இருக்குமா? நேரா என்கிட்ட வந்துச்சு. "அண்ணாச்சி, நாந்தான் தெரியாம கைய வச்சிட்டேன் போல. இம்புட்டுப் பேரு சோலியையும் கெடுத்துட்டேன். மனசுல வச்சிக்கிடாதீக. இன்னொருக்கா சொல்லுதேன்"னு கையெடுத்துக் கும்பிடுது.

சரிம்மா, பரவாயில்லை, இனிமே கையை வைக்காதேன்னேன்.

சிவசு கம்பை மாட்டிக்கிட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டான். வாயைத் திறந்து மூடினான். நான் ஒரு பார்வை பாத்தேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டான். குடும்பத்து ஆளுன்னா அதுதான்.

அன்னிக்கு நான் மெஷினைத் தயார் பண்ணினதை நீங்க பாத்திருக்கணும். நாலு ட்ராக்கும் பளிச்சுன்னு எரியுது. சேத்துப் பதிவாகுறதையும் போட்டேன். ரெண்டு கார்டு. தலைக்கு மேல கறுப்புக் குடை, ஸ்கிரீன் கண்ணாடி மாதிரி தெரியுது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சுத்தமான பதிவு இந்த ஊர்ல எவனும் பண்ணியிருக்க மாட்டான்.

ஆனா அந்த அம்மாவுக்கு வரலை சார். நடிகை இல்லைல்ல? முந்தின நாள் முதல் தடவை வந்தது தானா வந்தது. ரெண்டாவது தடவை கொஞ்சம் பரவாயில்லை, பாதியில நின்னு நின்னு சொல்லுச்சு. டைரக்டர் கண்ணைத் துடைச்சிக்கிட்டு, இதுவே போதும்னுச்சு. நான் விடலை. தூரத்துல ஒரு மோட்டார் ஓடுற சத்தம். ஒன் மோர்னேன். மூணாவதுல காத்து. ஒன் மோர். நாலாவதுல லாரி ஆரன். தப்பு நடந்தா என் தலையில போடுவாங்க, விடுவேனா? அஞ்சாவதுல முந்தானைன்னு சொல்லும்போது கை மைக்ல உரசிருச்சு. கையைக் கீழ வச்சுக்கிட்டு சொல்லும்மான்னேன். சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சின்னு ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லுது. ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் டைரக்டரைப் பாக்காது, என்னைத்தான் பாக்கும். "இப்பம் சரியா விழுந்துச்சா அண்ணாச்சி?"

ஒம்போது டேக். எட்டாவதுல எல்லாம் ரேஷன் கார்டு நம்பர் சொல்ற மாதிரி சொல்லுது. பதினோரு வயசு, காய்ச்ச, லாரி, முந்தானைன்னு தட்டுத் தடங்கல் இல்லாம வருது. ஒம்போதாவதுதான் சத்தம் துடைச்சு வச்ச மாதிரி விழுந்துச்சு. ஓகேன்னு கையைத் தூக்கினேன்.

மைக்கைக் கழட்டப் போனேன். அந்த அம்மா நின்ன இடத்துலயே நிக்குது. என்னமோ கணக்குத் தப்பிப் போன மாதிரி முழிக்குது. "அண்ணாச்சி, இது என்ன இப்படி இருக்கு? முன்னால அவள நெனச்சாலே எனக்கு அடிவயிறு பிசையும். ராத்திரி எந்திரிச்சி உக்காந்துருவேன். இப்பம் ஒம்போது மட்டம் சொல்லிட்டேன். ஒண்ணுமே வரல. அவ மொகங்கூட வரலயே அண்ணாச்சி"ங்குது.

நல்லதுதானேம்மா, மனசு லேசாயிருச்சுல்லன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன்.

உடனே நம்ம ஆளு என்ன பண்ணினான் தெரியுமா? கையில இருந்த கம்பை, மைக்கோட, அப்படியே உப்புத் தண்ணியில போட்டான். போட்டுட்டு நடந்து போயிட்டான். அது என்ன மைக்குன்னு தெரியுமா சார் உங்களுக்கு? உப்பு ஏறினா அவ்வளவுதான். பதினாலு வருஷம் சோறு போட்டவனுக்கு இதுதான் மரியாதை. நேத்து ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆகுற வரைக்கும் என்கிட்ட பேசலை. என் சம்சாரத்துக்கு வேற போன் போட்டு எல்லாத்தையும் சொல்லியிருக்கான். அவ காலையில இருந்து எடுக்க மாட்டேங்குறா. அக்காளும் தம்பியும் ஒண்ணு. என் பக்கம் பேச ஒரு நாதி இல்லை.

நீங்களே சொல்லுங்க. வெளி ஆளு, உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. இருங்க, போட்டுக் காட்டுறேன். எல்லாம் இதுக்குள்ளேயே ஒரு காப்பி நிக்கும். இந்தாங்க ஹெட்போன், காதை நல்லா மூடுற மாதிரி மாட்டுங்க. சொல்றவன் சொல்லட்டும், வேலை எப்படி இருக்குன்னு கேளுங்க. காத்து கேக்குதா? மோட்டார் கேக்குதா? ஒரு பொட்டுத் தூசி இருக்காது. அந்த அம்மா எச்சில் முழுங்குறது கூட விழுந்திருக்கும்.

என்ன சார், கழட்டிட்டீங்க? ரெண்டாவது டேக்தான் இது, இன்னும் ஏழு இருக்கு. கண்ணையெல்லாம் துடைக்காதீங்க, நான் கேட்டது அது இல்லை. சத்தம் சுத்தமா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.